கஸரோலியே உத்தியோகமும் ஒரு ராக் பாட்டும்

பல் வைத்தியரிடம் போகிறவன் இரண்டு விஷயங்களுக்குத் தயாராகப் போக வேண்டும். ஒன்று வலி. மற்றது, அவர் என்ன சொன்னாலும் பதில் சொல்ல முடியாத நிலை. போன மாதம் சூரிச்சில் என் கடைவாய்ப்பல் ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்த இளம் வைத்தியர், மூலையில் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவுக்குத் தலையாட்டத் தொடங்கினார். பழைய ஆங்கில ராக் பாட்டு. உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். தெரியாது என்றால் நீங்கள் எண்பதுகளில் ஐரோப்பாவின் எந்தக் கடைக்கும் போகவில்லை என்று அர்த்தம். இரண்டாவது சரணம் முடிய மேளம் நின்றுவிடும். ஒரு மணிக்கூட்டின் டிக் டிக் மட்டும் கேட்கும். பிறகு ஒரு ஆண் குரல், கிணற்றுக்குள் நின்று கதைப்பதுபோல, விளங்காத பாஷையில் ஏதோ சொல்லும்.

"இந்த இடம்தான் எனக்கு உயிர்," என்றார் வைத்தியர். "இமயமலைத் துறவி ஒருவரின் பிரார்த்தனை. இன்டர்நெட்டில் வாசித்தேன்."

என் வாயில் ஒரு கண்ணாடி, ஒரு குழாய், இரண்டு பஞ்சுருண்டை, அவருடைய விரல் ஒன்று. இவ்வளவுக்கும் நடுவில் "அது நான்" என்று சொல்லப் பார்த்தேன். "நோகிறதா?" என்று கேட்டு இன்னொரு ஊசி போட்டார்.

பல்லுக்கு வைத்த மருந்தில் கராம்பு மணத்தது. கராம்பு மணந்தால் எனக்கு ஒரே ஒரு இடம்தான் ஞாபகம் வரும். ஷாஃப்ஹவுசனிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம் போய், காட்டோரம் இறங்கினால் வரும் ஒரு பழைய ஹோட்டல். எண்பதுகளின் நடுவில் அதன் குசினியில் எனக்கு வேலை. உரித்த வெங்காயத்தில் ஒரு வாசனை இலையை வைத்து, அதன் மேல் கராம்பைக் குத்திக் கொடுக்க வேண்டும். அதை அப்படியே சூப்புக்குள் போடுவார்கள். கடைசியில் எடுத்து எறிந்தும் விடுவார்கள். எறிவதற்காக இவ்வளவு அழகாகக் குத்துகிறோமே என்று முதல் கிழமை எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் என் வேலையில் கௌரவமான பகுதி அந்தக் கராம்பு குத்துவது மட்டும்தான். மிச்சமெல்லாம் சட்டி.

அகதி விண்ணப்பம் போட்ட எங்களைப் போன்றவர்களுக்கு அந்த நாட்களில் கிடைத்த வேலை பெரும்பாலும் குசினி வேலைதான். என் வேலைக் கடதாசியில் 'கஸரோலியே' என்று தட்டச்சில் அடித்திருந்தார்கள். சுவிஸ் ஹோட்டல்களில் பெரிய சட்டி கழுவுகிறவனுக்கு அதுதான் பெயர். தட்டுக் கழுவுகிறவன் வேறு, சட்டி கழுவுகிறவன் வேறு. இரண்டு பேருக்கும் நடுவில் பெரிய அந்தஸ்து வித்தியாசம் உண்டு, எந்தப் பக்கம் உயர்வு என்பதுதான் எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

இந்தக் கடதாசியைக் கையில் வாங்கிப் பார்த்தவர் சிவபாதம் அண்ணை. என்னிலும் பத்து வயது மூத்தவர், அதே குசினியில் உருளைக்கிழங்கு உரிப்பவர், மேல்மாடியில் என்னோடு ஒரே அறையில் படுப்பவர். தன்னைத் தலைமைச் சமையற்காரர் என்று ஊருக்கு எழுதிவிட்டு, அந்தப் பொய்யைச் சுமக்க ஒரு துணை தேடிக்கொண்டிருந்தார்.

"கஸரோலியே. பேரைப் பாக்கவே பெரிய உத்தியோகம் மாதிரிக் கிடக்குது. மனேச்சர் எண்டு எழுதடா தம்பி. ஆர் வந்து பாக்கப்போகினம்?"

எழுதினேன். இருபத்தைந்து வயதில் மனிதன் எதையும் எழுதுவான். அதோடு விட்டாரா? தலைமைப் பரிசாரகரின் கோட்டை எனக்கு மாட்டி, வரவேற்பு மேசையில் நிற்க வைத்து, ரெலிபோனைக் காதில் கொடுத்து ஒரு படமும் எடுத்தார். அந்தப் படம் ஊர் போய்ச் சேர்ந்து, அம்மாவின் கையிலிருந்து கை மாறி, ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவரின் வீட்டு மேசைக்குப் போனது. அவருக்குத் தவமணி என்று ஒரு மகள்.

அந்த நாட்களில் எங்களுடைய கடிதங்கள் பாதிக்கு மேல் கசெற்றில்தான் போகும். ஊரில் வீட்டுக்கு வீடு ரெலிபோன் கிடையாது. எழுதினால் இரண்டு பக்கத்தில் சுகம் விசாரித்து முடிந்துவிடும். கசெற் என்றால் ஒரு மணித்தியாலம் கதைக்கலாம், இருமலாம், மூக்கை உறிஞ்சலாம். தபாலில் போட்டால் ஒரு மாதத்தில் போகும், பதில் இன்னொரு கசெற்றாக வரும். அம்மாவின் அடுத்த கசெற்றில் இருபது நிமிடம் கோழிகளைப் பற்றியும், பத்து நிமிடம் அடுத்த வீட்டாரைப் பற்றியும் இருந்தது. கடைசியில்தான் விஷயம். "ஓவசியர் வீட்டிலை கேக்கினம். மனேச்சர் மாப்பிளை எண்டால் சம்மதமாம். உன்ரை வாயாலை ஒரு சொல்லுச் சொல்லி அனுப்பு. அவையையும் கூப்பிட்டு வைச்சுத்தான் போட்டுக் கேப்பம்."

அம்மாவுக்குப் பொய் சொன்னது ஒரு விஷயம். முகம் தெரியாத ஒரு பெண், ரெலிபோன் பிடித்த படத்தை நம்பி, கடல் கடந்து வந்து சட்டி கழுவுகிறவனுக்கு மாலை போடுவது இன்னொரு விஷயம். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுப்பது சுகம். அறையில் கசெற் ரெக்கோடரை எடுத்தால் சிவபாதம் அண்ணை போர்வைக்குள்ளிருந்து திருத்தம் சொல்லுவார். நாலு தடவை பதிந்து நாலு தடவையும் அழித்தேன்.

அந்தக் கார்த்திகை மாதம்தான் ராக் குழு வந்தது. சீசன் இல்லாத மாதம், ஹோட்டல் விருந்தாளிகளுக்குப் பூட்டு, சமையற்காரர் லீவில். முதலாளியம்மா முழுக் கட்டடத்தையும் மூன்று கிழமைக்கு அவர்களுக்கு விட்டுவிட்டார். இங்கிலாந்துக்காரர் நாலு பேர், கூட ஒலிப்பதிவுக்காரரும் வேலையாட்களுமாக இன்னும் ஐந்து பேர். குழுவின் பெயர் சொல்லமாட்டேன், வீட்டில் தடை. ஒலிப்பதிவு இயந்திரங்கள் நிறைந்த ஒரு லொறி முற்றத்தில் வந்து நின்றது. அதிலிருந்து கேபிள்கள் எங்கள் குசினி யன்னலால் ஏறி, சாப்பாட்டு மண்டபம், படிக்கட்டு, குளிர் அறை என்று எல்லா இடமும் போயின. ஸ்டூடியோவில் கிடைக்காத சத்தம் பழைய கட்டடத்தில் கிடைக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. மேளத்தைச் சாப்பாட்டு மண்டபத்தில் வைத்தார்கள். பாடகர் படிக்கட்டில் நின்று பாடினார். கிற்றாரின் ஒலிபெருக்கிப் பெட்டியைக் குளிர் அறைக்குள் கரட்டுக்கும் சீஸுக்கும் நடுவில் வைத்தார்கள். மதியச் சமையலுக்கு இரண்டு கரட் வேண்டுமென்றால் நான் யன்னலால் லொறிக்குக் கை காட்டி அனுமதி கேட்க வேண்டும்.

மூன்று கிழமையில் அவர்கள் பதிந்தது ஏழு பாட்டு. அதில் ஆறு சுலபமாக முடிந்தது. ஏழாவதுதான் இந்தப் பாட்டு. ஒரே வரியை நாற்பது தடவை கேட்டால் பாஷை தெரியாதவனுக்கும் மனப்பாடமாகிவிடும். சட்டி கழுவும்போது நான் அதைத்தான் முணுமுணுப்பேன். ஒரு நாள் சிவபாதம் அண்ணை, இவர்களுடைய தக்காளி போட்ட அவித்த போஞ்சி விதையில் உப்புச் சப்பில்லை என்று இரண்டு கரண்டி மிளகாய்த்தூள் கலந்துவிட்டார். அன்று பின்னேரம் மேளக்காரர் இதுவரை அடிக்காத வேகத்தில் அடித்தார். அந்த அடிதான் இன்றைக்கும் பாட்டில் இருக்கிறது. அந்த வேகம் தன்னுடையது என்று சிவபாதம் அண்ணை பிறகு போன இடமெல்லாம் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. நான் நம்புகிறேன், அந்தப் போஞ்சியை நானும் சாப்பிட்டவன்.

பிரச்சினை பாட்டின் நடுவில் இருந்தது. இரண்டாவது சரணத்துக்குப் பிறகு கிற்றார்க்காரர் தனியாக வாசிக்க வேண்டும். அவர் வாசிக்க வாசிக்கப் பாடகருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் மூன்று நாள் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. உப்புப் போத்தல்கூட என் வழியாகத்தான் கை மாறியது. கடைசியில் பாடகர், அந்த இடத்தில் இசையே வேண்டாம், ஆளில்லாத அறையின் சத்தம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சரி என்று ஒலிப்பதிவுக்காரர், எல்லோரும் சாப்பிடும் நேரம் பார்த்து, மண்டபத்து மைக்குகளைத் திறந்து வைத்து லொறியில் நாடாவை ஓடவிட்டுவிட்டு, தானும் சாப்பிட வந்துவிட்டார்.

இது எனக்கு எப்படித் தெரியும்? பதிவு நடக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது லொறிக்குள். மண்டபத்தில் அல்ல.

எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒன்பது பேரும் குசினியில் இருந்து சூப்புக் குடிக்கிறார்கள், சிவபாதம் அண்ணை பரிமாறுகிறார், அந்தக் கட்டடத்திலேயே சத்தமில்லாத இடம் அந்த மண்டபம். சுவரெல்லாம் மெத்தையும் கம்பளியும் தொங்கவிட்டிருந்தார்கள். என்னுடைய சின்ன ரெக்கோடரோடு உள்ளே போய், மேளத்துக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்து பொத்தானை அமத்தினேன்.

"அம்மா, நான் சுகம். அம்மா, நான் மனேச்சர் இல்லை. இஞ்சை நான் சட்டி கழுவுறன். உள்ளுக்கை இறங்கி நிண்டு கழுவுற அளவுக்குப் பெரிய சட்டியளும் இருக்கு. அந்தப் பிள்ளையிட்டை உள்ளதைச் சொல்லுங்கோ. ஓம் எண்டால் வரட்டும். இல்லையெண்டால் நான் கோவிக்கமாட்டன். மற்றது, மிளகாய்த்தூள் அனுப்பேக்கை ரெண்டு பையிலை போட்டுக் கட்டுங்கோ. போனமுறை என்ரை உடுப்பு முழுக்கத் தூள்."

சொல்லி முடித்ததும் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. கொஞ்சம் அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் என்ன வெட்கம்.

ஒரு மணித்தியாலத்தில் முதலாளியம்மா என்னை லொறிக்கு இழுத்துக்கொண்டு போனார். பதிவு நடக்கும்போது மண்டபத்துக்குள் போகிறவனுக்கு மறுநாள் வேலை இல்லை என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். லொறிக்குள் நாடா சுற்றியது. மணிக்கூடு டிக் டிக். "அம்மா, நான் சுகம்." என் குரலை அவ்வளவு பெரிய பெட்டிகளில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"இது என்ன?" என்று பாடகர் கேட்டார். "பிரார்த்தனையா?"

வேலை போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. "யெஸ் சேர்," என்றேன். "பிரேயர் சேர்." முதலாளியம்மாவின் முகம் உடனே இளகியது, ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். பாடகரின் கண் கலங்கியது. கிற்றார்க்காரரும் பாடகரும் மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இதைத்தான் நடுவில் போட வேண்டும் என்று ஒரே குரலில் சொன்னார்கள். போடலாமா என்று என்னையும் மரியாதையாகக் கேட்டார்கள். வேலை தப்பிய சந்தோஷத்தில் நான் எதற்கும் யெஸ் சொல்லும் நிலையில் இருந்தேன்.

நல்ல மைக்கில் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். பிரார்த்தனை என்று சொன்னபடியால் கையைக் கூப்பிக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருந்தது. காதில் பெரிய ஹெட்போன், கண் மூடி, கை கூப்பி, மிளகாய்த்தூளை இரண்டு பையில் கட்டும்படி வேண்டிக்கொண்டேன். வாசலில் நின்ற சிவபாதம் அண்ணை பாத்திரம் துடைக்கும் துணியை வாய்க்குள் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினார். அந்தப் பதிவு சரிவரவில்லை. என் குரல் வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல விறைத்துவிட்டது. முதல் பதிவையே எடுத்துக்கொண்டார்கள்.

சிவபாதம் அண்ணை சிரித்து முடித்ததும் கோபப்பட்டார். "உனக்கென்ன விசரோ? ஓவசியரையும் இருத்தி வைச்சுக்கொண்டு உதைப் போட்டுக் கேக்கப்போகினம். கொம்மாவின்ரை முகத்தை யோசிச்சனியோ?" யோசித்துப் பார்த்தேன். அம்மா, ஓவசியர், அடுத்த வீட்டார், நடுவில் ஒரு ரெக்கோடர், அதிலிருந்து நான் சட்டிக்குள் இறங்குகிறேன். மண்டபத்தில் வந்த துணிவு குசினியில் போய்விட்டது. அதே கசெற்றில், அதே இடத்தின் மேலேயே, மனேஜர் வேலையில் பொறுப்பு அதிகம் என்றும் சம்மதம் என்றும் பதிந்து தபாலில் போட்டேன்.

பதில் கசெற்றில் அம்மாவின் குரலுக்குப் பிறகு ஒரு புதுக் குரல். ஆரோ பக்கத்தில் நின்று "சொல்லு பிள்ளை, சொல்லு" என்று தள்ளுவதும் கேட்டது. பிறகு ஒரே ஒரு சொல். "ஓம்." அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். சந்தோஷமாகவும் இருந்தது, திருடன் போலவும் இருந்தது. அந்த ஓம் எனக்கு வந்ததல்ல. ரெலிபோன் பிடித்துக்கொண்டு நின்ற மனேஜருக்கு வந்தது.

அடுத்த வருடம் தவமணி தன் தமையனோடு பல நாடு சுற்றி வந்து சேர்ந்தாள். சூரிச்சில் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மேசையில் பிள்ளையார் படம் வைத்துத் தாலி கட்டினேன். ஷாஃப்ஹவுசனில் ஒரு அறையும் குசினியும் உள்ள வீடு. காலையில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு புறப்படுவேன். ஹோட்டலின் கொதிகலன் அறையில் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ரப்பர் ஏப்ரன் போடுவேன்.

"கை ஏன் இப்பிடி வெடிச்சிருக்கு?"

"கையெழுத்து வேலை கூட."

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். அவள் புட்டு அவித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்றிருக்கும். சாப்பிட்ட பிறகு நித்திரை வரும்.

அப்போதுதான் பாட்டு வெளிவந்தது. குசினி ரேடியோவில் முதல் தடவை கேட்டபோது நான் ஒரு சட்டிக்குள் பாதி உடம்போடு இருந்தேன். "அம்மா, நான் மனேச்சர் இல்லை." வேகமாக நிமிர்ந்து தலையை இடித்துக்கொண்டேன். ஒரு நிமிடம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நிமிடம் தவமணியின் ஞாபகம் வந்தது. இந்த நாட்டு மக்கள் எல்லோரும் கேட்கட்டும், ஆபத்தில்லை. அவள் ஒருத்தி கேட்கக் கூடாது.

ஆனால் பாட்டோ இலக்கம் ஒன்றுக்கு ஏறிவிட்டது. கடையில் அது, சலூனில் அது, மேல்வீட்டு இத்தாலியப் பொடியனின் பல்கனியில் காலையும் மாலையும் அது. வீட்டு ரேடியோவின் உள்ளே இருந்த வயர் ஒன்றை நானே பிடுங்கிவிட்டு, பழுது என்றேன். பல்கனிக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாவது சரணம் முடியும், மேளம் நிற்கும், மனதுக்குள் நாலு எண்ணுவேன், பிறகு அரை நிமிடம் விடாமல் இருமுவேன். இப்படி ஒரு ஒழுங்கான இருமலை எந்த வைத்தியரும் கண்டிருக்கமாட்டார். தவமணி பயந்துபோய் மூன்று வேளையும் மல்லித்தண்ணி அவித்துத் தந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை றைன் நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப்போவேன். எல்லா ஞாயிறும் அங்கேதான். "உங்களுக்கு இயற்கையிலை இவ்வளவு ஆசையோ?" என்று கேட்டாள். அந்த இரைச்சலில் எந்த ரேடியோவும் கேட்காது என்பதுதான் என் ஆசை.

அப்படி ஒரு ஞாயிறு திரும்பி வரும்போது அகப்பட்டேன். பஸ் டிரைவர் ரேடியோவைக் கூட்டி வைத்திருந்தார். பஸ் நிறையச் சனம். முதல் இரண்டு அடியிலேயே எனக்கு வேர்த்துவிட்டது. மணியை அமத்தினேன், அடுத்த தரிப்பிடம் தூரம். இரண்டாவது சரணம் முடிந்தது. இருமினேன். தவமணி என் முழங்காலில் கையை வைத்தாள்.

"உஸ்! இருமாதேங்கோ. தமிழ் கேக்குது."

முழுவதையும் கேட்டாள். மிளகாய்த்தூள் வரைக்கும் கேட்டாள். எங்களைச் சுற்றி நாற்பது பேர் இருந்தார்கள், ஒருவருக்கும் எதுவும் நடக்கவில்லை. அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். பிறகு எழும்பி, எங்கள் தரிப்பிடத்துக்கு முந்தினதில் இறங்கி நடந்தாள். நான் பத்தடி பின்னால் நடந்தேன்.

ஒரு கிழமை என்னை ஒரே பட்டத்தால்தான் அழைத்தாள். "மனேச்சர், சாப்பாடு மேசையிலை." "மனேச்சர், சட்டி தொட்டிக்குள்ளை." வீட்டுச் சட்டியையும் அன்றிலிருந்து நான்தான் கழுவுகிறேன். எட்டாம் நாள் நான் கழுவ, பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்.

"சட்டி கழுவுறது எனக்குக் கோவமில்லை. உங்களிலை அடிச்ச வெங்காய மணத்திலை அது பாதி விளங்கிட்டுது. என்னட்டைக் கேக்கவேண்டிய கேள்வியை நீங்கள் உலகத்தையெல்லாம் கேட்டிருக்கிறியள். என்னட்டை மட்டும் கேக்கேல்லை."

"இப்ப கேக்கட்டோ?"

"இப்ப கேட்டு? வந்து குடும்பமும் நடத்தியாச்சு."

சட்டியை இன்னொரு தடவை கழுவினேன்.

அந்த ஹோட்டலை இடித்து இப்போது அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மண்டபம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ராக் குழு பிரிந்துவிட்டது, கிற்றார்க்காரரும் பாடகரும் மறுபடி கதைப்பதில்லையாம். சிவபாதம் அண்ணை கனடா போய், அங்கே உண்மையாகவே ஒரு சாப்பாட்டுக்கடை நடத்தி, போன வருடம் காலமானார். கசெற் என்றால் என்னவென்று என் பேரப்பிள்ளைகளுக்குப் படம் கீறிக் காட்ட வேண்டியிருக்கிறது. தவமணியின் "ஓம்" இருந்த கசெற்றும் வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. அதற்காக நான் பெரிதாக வருந்தவில்லை.

நான் வருந்துவது வராமலே போன மற்றப் பதிலுக்காக. உண்மையைச் சொல்லி அனுப்பியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தவமணியிடம் இன்றைக்கும் இடைக்கிடை கேட்பேன். பேரப்பிள்ளைகள் வந்து நிற்கும் நாளென்றால், "ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்" என்பாள். நான் பால்சட்டியை அடிப்பிடிக்க விட்ட நாளென்றால் பதில் வேறு. போன கிழமை மட்டும் கொஞ்ச நேரம் உண்மையாக யோசித்தாள். பிறகு, "அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. அந்தப் பிள்ளை என்ன சொல்லியிருக்கும் எண்டு எனக்குத் தெரியேல்லையப்பா," என்றாள்.